கார்டிகன் பிரபு: விலைக்கு வாங்கிய பதவியும் பலக்லாவாப் பள்ளத்தாக்கும்

1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியாவில் பலக்லாவா என்ற சிறு துறைமுகத்துக்கு அருகே, ஏறத்தாழ 670 பிரிட்டிஷ் குதிரைவீரர்கள் மூன்று பக்கமும் ரஷ்யப் பீரங்கிகள் நின்ற ஒரு பள்ளத்தாக்குக்குள் நேராகப் பாய்ந்தார்கள். ஆங்கிலப் பாடத்தில் டென்னிசனின் கவிதையைப் படித்தவர்களுக்கு இந்த நிகழ்ச்சி தெரிந்ததே. அந்த வீரர்களுக்கு முன்னால் தனியாகக் குதிரையில் சென்ற தளபதியின் பெயரைக் கவிதை சொல்வதில்லை. அவர் ஜேம்ஸ் தாமஸ் புருடனெல், கார்டிகனின் ஏழாவது ஏர்ல். அப்போது அவருக்கு வயது 57. கிரிமியாவுக்கு வருமுன் அவர் ஒரு போர்க்களத்தையும் கண்டதில்லை.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டும் இன்றைய வாசகருக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. படையில் பணியில் இருந்துகொண்டே ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தது எப்படி? 26 வயதில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தவர் ஆறே ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல் ஆனது எப்படி? ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, விசாரித்தவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளி என்று சொல்லாத நிலையில் வெளியே வந்தது எப்படி?

இவற்றுக்கு விடையை அவருடைய குணத்தில் தேடுவதே வழக்கம். கர்வி, முன்கோபி, வீம்புக்காரர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுபவை பொய்யல்ல. ஆனால் அப்படிப்பட்டவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவர்களிடம் ஒரு குதிரைப்படைப் பிரிகேடை, அதாவது பல படைப்பிரிவுகள் சேர்ந்த அணியை, ஒப்படைக்கும் ஏற்பாடு எப்போதும் இருப்பதில்லை. அன்றைய பிரிட்டனில் நிலச்சொத்து மூன்று இடங்களுக்குள் நுழைய வழி செய்தது: நாடாளுமன்றம், படை, தனக்கென்றே அமைந்த நீதிமன்றம். அந்த மூன்று வழிகளையும் புரிந்துகொண்டால்தான் பலக்லாவாவில் நடந்தது விளங்கும்.

பட்டமும் சபையும்

பிரிட்டிஷ் பிரபுக்களில் ஐந்து படிநிலைகள் உண்டு. மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்பவை அவை. பட்டம் பொதுவாகத் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்கு வரும். 1999 வரை பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் ஆயுட்கால இடமும் வந்தது.

பட்டம் கைக்கு வரும்வரை மூத்த மகனின் நிலை வேறு. தந்தையின் துணைப்பட்டங்களில் ஒன்றை அவர் மரியாதைக்காகச் சூட்டிக்கொள்ளலாம். சட்டத்தின் பார்வையில் அவர் சாதாரணக் குடிமகனே. ஆகவே தேர்தலில் நின்று மக்கள் சபைக்குப் போக அவருக்குத் தடையில்லை. ஜேம்ஸ் 1797-இல் பிறந்தார். பல சகோதரிகளுக்கு நடுவே ஒரே மகன். 1811-இல் தந்தை ஆறாவது ஏர்ல் ஆனதும் இவர் புருடனெல் பிரபு என்று அழைக்கப்பட்டார். ஹாரோ பள்ளி, ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி என்று அந்த வகுப்பினரின் வழக்கமான பாதையில் சென்றார்; பட்டப்படிப்பை முடிக்காமல் கல்லூரியை விட்டார். அதனால் அவருக்கு எந்த இடைஞ்சலும் நேரவில்லை.

1818-இல், 21 வயது நிறையும் ஆண்டில், வில்ட்ஷயர் மாவட்டத்தின் மார்ல்பரோ தொகுதி உறுப்பினராக அவர் மக்கள் சபையில் அமர்ந்தார். மார்ல்பரோவில் வாக்குரிமை நகர மன்றத்தைச் சேர்ந்த ஒரு சிலரிடம் மட்டுமே இருந்தது. அந்தச் சிலரும் உள்ளூர் நிலப்பிரபுவின் சொல்லைத் தட்டமாட்டார்கள். நிலப்பிரபு புருடனெலின் உறவினர். ஒரு குடும்பத்தின் சட்டைப்பைக்குள் அடங்கிய இத்தகைய தொகுதிகள் அன்று நாடு முழுவதும் இருந்தன. குடியிருப்பவர்களே இல்லாத ஓல்டு சாரம்கூட இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் செய்யும். 1829-இல் கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தரும் சட்டத்தை அந்த உறவினர் எதிர்த்தார், புருடனெல் ஆதரித்தார். அதனால் மார்ல்பரோ போயிற்று. அடுத்து கார்ன்வாலில் உள்ள ஃபோய் தொகுதியை விலை கொடுத்துப் பெற்றார். 1832-இன் சீர்திருத்தச் சட்டம் ஃபோயின் தொகுதித் தகுதியையே ஒழித்தது. அதன்பின் சொந்த மாவட்டமான நார்தாம்டன்ஷயரின் வடக்குத் தொகுதியில் நின்று வென்று, 1837-இல் தந்தை இறக்கும்வரை மக்கள் சபையில் நீடித்தார். அந்த ஆண்டு ஏர்ல் பட்டம் வந்தது; பிரபுக்கள் சபைக்கு மாறினார்.

இக்காலம் முழுவதும் படைப்பதவி வகிப்பதும் சபையில் அமர்வதும் ஒன்றுக்கொன்று முரணானவையாகக் கருதப்படவில்லை. இன்று பிரிட்டனில் முழுநேரப் படைப்பணியில் உள்ளவர் மக்கள் சபையில் அமர முடியாது. அன்றோ படை அதிகாரிகள் பலர் அங்கே அமர்ந்திருந்தார்கள். படைத் தலைமையகத்தின் முடிவு பிடிக்காத அதிகாரி அதே முடிவைச் சபையில் கேள்விக்கு உட்படுத்தலாம். அவர் வாக்கு தேவைப்படும் அமைச்சர் அவரைப் பகைத்துக்கொள்ளத் தயங்குவார். புருடனெலின் படை வாழ்க்கையை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

படைப்பதவியின் விலைப்பட்டியல்

பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவிகள் விற்கப்பட்டன. இது மறைவாக நடந்த ஊழல் அல்ல. அரசே விலை நிர்ணயித்த ஏற்பாடு. 1821-இன் விலைப்பட்டியல்படி சாதாரணக் குதிரைப்படை ரெஜிமென்டில் (படைப்பிரிவில்) கடைநிலை அதிகாரியான கார்னெட் பதவிக்கு 840 பவுண்டு, லெப்டினன்டுக்கு 1,190, கேப்டனுக்கு 3,225, மேஜருக்கு 4,575, ரெஜிமென்டை நடத்தும் லெப்டினன்ட் கர்னலுக்கு 6,175. அதே லெப்டினன்ட் கர்னல் பதவி காலாட்படையில் 4,500 பவுண்டு. குதிரைப்படையே பகட்டின் இடம் என்பதை விலையே காட்டியது.

ஏற்பாடு நடந்த விதம் இது:

1. ஒருவர் மேல்பதவிக்குப் போகும்போது தம் பழைய பதவியைக் கீழுள்ளவருக்கு விற்றுவிடுவார். ஆகவே அவர் கையிலிருந்து போவது இரண்டு விலைகளுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே. லெப்டினன்ட் கேப்டனாக 2,035 பவுண்டு வேண்டும்.

2. காலியிடம் வந்தால் முதல் உரிமை அதே ரெஜிமென்டில் அடுத்த மூப்புள்ளவருக்கு. அவரிடம் பணம் இல்லையென்றால் உரிமை அவருக்கும் கீழே உள்ளவருக்குப் போகும். இருபது ஆண்டு பணியாற்றிய கேப்டனை நேற்று வந்தவர் தாண்டிச் செல்வது இப்படித்தான்.

3. ஓய்வு பெறும்போது பதவியை விற்று முதலை மீட்கலாம். அதிகாரிக்கு அதுவே ஓய்வூதியம். போரில் இறந்தால் அந்த இடம் மூப்பு வரிசையில் இலவசமாக நிரப்பப்படும். குடும்பம் போட்ட முதலை இழக்கும். படை நீதிமன்றம் பதவியைப் பறித்தாலும் அதே கதிதான்.

4. 'அரைச்சம்பளம்' என்ற பட்டியல் ஒன்று இருந்தது. பணி இல்லாமல் பதவியை மட்டும் வைத்திருப்பவர்கள் அதில் இருப்பார்கள். தம் ரெஜிமென்டில் இடம் கிடைக்காதவர் அரைச்சம்பளப் பதவியை வாங்கித் தரத்தில் உயர்ந்து, பிறகு வேறொரு ரெஜிமென்டுக்கு இடம் மாறிக்கொள்ளலாம்.

5. அரசு விலைக்கு மேல் பணம் கொடுப்பது சட்டப்படி குற்றம். நடைமுறையில் எல்லாரும் கொடுத்தார்கள், வாங்கினார்கள்.

பீரங்கிப்படைக்கும் பொறியாளர் படைக்கும் இந்த விற்பனை இல்லை. அங்கே கணக்கும் தொழில்நுட்பமும் தேவை. பயிற்சிக் கல்லூரியில் தேறியவர்கள் மூப்பு வரிசையில் உயர்ந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படையிலும் அரசு வகுத்த இத்தகைய விற்பனை முறை இல்லை. பீரங்கியைத் தப்பாகக் குறிவைத்தால் உடனே தெரிந்துவிடும், குதிரைப்படையைத் தப்பாக நடத்தினால் போர் வரும்வரை தெரியாது என்ற எண்ணம் இதன் பின்னே இருந்ததோ என்று தோன்றுகிறது.

இப்படி ஒரு முறை ஏன் நிலைத்தது?

கேட்டவுடன் நகைப்புக்குரியதாகத் தோன்றும் இம்முறைக்கு உறுதியான ஒரு காரணம் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து தன் அரசனின் தலையை வெட்டி, ஆலிவர் கிராம்வெல்லின் படையாட்சியில் வாழ்ந்து பார்த்தது. திறமையால் மேலே வந்த, நிலமற்ற, கொள்கைப்பிடிப்புள்ள அதிகாரிகள் நாட்டையே கைப்பற்றலாம் என்பது 1660-இல் மன்னராட்சி மீண்டபோது ஆள்வோரின் மனத்தில் பதிந்திருந்த பாடம். படைப்பதவி சொத்துடையவர்களிடம் இருந்தால் அவர்கள் சொத்தைக் காக்கும் ஆட்சியைக் கவிழ்க்கமாட்டார்கள். பதவிக்குப் போட்ட பணமே அவர்களின் நன்னடத்தைக்குப் பிணையாக இருக்கும். அரசுக்கு ஓய்வூதியச் செலவும் மிச்சம்.

அதாவது இம்முறை திறமைசாலியைக் கண்டெடுக்க வகுக்கப்பட்டதல்ல, ஆபத்தில்லாதவரைக் கண்டெடுக்க வகுக்கப்பட்டது. அந்த அளவுகோலால் பார்த்தால் கார்டிகன் பிரபு முறையின் கோளாறல்ல. முறை தேடிய ஆளே அவர்தான்.

இதே வழியில் வந்தவர்தான் வெலிங்டன் டியூக் என்று எதிர்வாதம் உண்டு. ஆர்தர் வெல்லெஸ்லி 1787-இல் சேர்ந்து 1793-இல், 24 வயதில், லெப்டினன்ட் கர்னல் ஆனவர். இடையிலேயே அயர்லாந்து நாடாளுமன்றத்திலும் உறுப்பினர். பணமும் உறவும் இல்லாமல் அந்த வேகம் சாத்தியமில்லை. ஆனால் வெல்லெஸ்லி பதவியை வாங்கிய பிறகு தொழிலைக் கற்றார். 1797 முதல் 1805 வரை இந்தியாவில் இருந்தபோது ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் மராட்டியப் போரிலும் உணவு வண்டி, காளை, ஆற்றுக் கடவு என்று படைநடத்துதலின் அலுப்பூட்டும் பக்கத்தையெல்லாம் பழகினார். கற்க விரும்பியவரை இம்முறை தடுக்கவில்லை. கற்க மறுத்தவரையும் தடுக்கவில்லை என்பதே சிக்கல்.

ஏறியதும் இறக்கப்பட்டதும்

புருடனெல் 1824-இல் 8-வது ஹுஸார் என்ற இலகு குதிரைப்படை ரெஜிமென்டில் கார்னெட் ஆனார். 1825-இல் லெப்டினன்ட், 1826-இல் கேப்டன், 1830-இல் மேஜர், அதே ஆண்டு டிசம்பரில் அரைச்சம்பளத்தில் லெப்டினன்ட் கர்னல். 1832-இல் 15-வது ஹுஸாரின் தலைமையை வாங்கினார். அதற்கு அவர் கொடுத்ததாகப் பேசப்பட்ட தொகை 35,000 முதல் 40,000 பவுண்டு. அரசு விலையைப் போல் ஐந்தாறு மடங்கு. அன்று காலாட்படைச் சிப்பாயின் நாட்சம்பளம் ஒரு ஷில்லிங், ஆண்டுக்கு 18 பவுண்டு சொச்சம். 35,000 பவுண்டு என்பது ஒரு சிப்பாய்க்கு 1,900 ஆண்டுச் சம்பளம்.

விரைவிலேயே கேப்டன் வாதன் என்ற அனுபவமுள்ள அதிகாரியோடு மோதல் மூண்டது. வாதன்மீது புருடனெல் சுமத்திய குற்றச்சாட்டுகளைப் படை நீதிமன்றம் விசாரித்தபோது, தம் கீழுள்ள அதிகாரிகளின் பேச்சை அவர்களுக்குத் தெரியாமல் எழுதிவைக்க அவர் ஏற்பாடு செய்திருந்தது வெளிப்பட்டது. 1834-இல் வாதன் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் புருடனெலைக் கண்டித்தது. தலைமைப் பதவி பறிக்கப்பட்டது.

வேறொருவருக்கு வாழ்க்கை அங்கே முடிந்திருக்கும். ஆனால் புருடனெலின் சகோதரி ஒருத்தி ஏர்ல் ஹௌவின் மனைவி. ஹௌ, அரசி அடிலெய்டின் அரண்மனை அலுவலர். நாடாளுமன்றத்தில் இவருக்கும் ஓர் இருக்கை உண்டு. இரண்டே ஆண்டில், 1836-இல், 11-வது லைட் டிராகூன் என்ற இலகு குதிரைப்படை ரெஜிமென்டின் தலைமை அவருக்குக் கிடைத்தது. பதவி பறிப்பு என்ற தண்டனை, சொத்தும் உறவும் உள்ளவரிடம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கான்பூரும் 'இந்திய அதிகாரிகளும்'

11-வது லைட் டிராகூன் அப்போது இந்தியாவில் இருந்தது. 1819 முதல் இங்கே இருந்து, 1826-இல் வீழ்ந்த பரத்பூர்க் கோட்டை முற்றுகையிலும் பங்கெடுத்திருந்தது. புதிய தலைவர் 1837-இல் கான்பூர் வந்து சேர்ந்தார். ரெஜிமென்டு மறு ஆண்டு தாயகம் திரும்பவிருந்ததால் அதனுடன் அவர் இந்தியாவில் கழித்தது சில வாரங்களே. தந்தை இறந்த செய்தியும் ஏர்ல் பட்டமும் இக்காலத்தில்தான் அவரை வந்தடைந்தன.

இங்கிலாந்து திரும்பியபின் கார்டிகன் தம் ரெஜிமென்டை நாட்டிலேயே பகட்டானதாக்க முனைந்தார். 1840-இல் அது ஆல்பர்ட் இளவரசரின் பெயர் தாங்கிய 11-வது ஹுஸார் ஆயிற்று. இறுக்கமான செர்ரி நிறக் காற்சட்டை, பொற்பின்னல், உயர்ந்த குதிரைகள் ஆகியவற்றுக்கு அவர் தம் கையிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு செலவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்தப் பகட்டுக்குப் பொருந்தாதவர்களாக அவர் கருதியது இந்தியாவில் நெடுநாள் பணியாற்றிய அதிகாரிகளை. இதில் தனிமனித வெறுப்பைத் தாண்டிய ஓர் அமைப்பு உண்டு. ஒரு ரெஜிமென்டுக்கு இந்தியா செல்ல உத்தரவு வந்தால், வசதியுள்ள அதிகாரிகள் பணம் கொடுத்து வேறு ரெஜிமென்டுக்கு மாறிக்கொள்வார்கள். லண்டன் வாழ்க்கையின் செலவைத் தாங்க முடியாதவர்கள் அவர்கள் இடத்துக்கு வருவார்கள். பிரிட்டன் அந்தக் காலத்தில் தொடர்ந்து போரிட்டது இந்தியாவிலும் அதன் எல்லைகளிலும்தான். ஆகவே போர் அனுபவம் ஒரு பக்கமும் பணம் மறுபக்கமும் பிரிந்து சேர்ந்தன. உயர்பதவிக்குத் தேவை பணம். விளைவு என்னவாகும் என்பதைக் கணிக்க மேதை வேண்டியதில்லை.

1840 மே மாதம் உணவுமேசையில் ஒரு விருந்தினருக்காகக் கேப்டன் ஜான் ரெனால்ட்ஸ் மோசெல் என்ற வெள்ளைத் திராட்சை மதுவைக் கேட்டார். அது கறுப்பு புட்டியிலேயே மேசைக்கு வந்தது. இந்திய அதிகாரிகளின் பழக்கமான மலிவு பீர் தம் மேசைக்கு வந்துவிட்டதாகக் கார்டிகன் எண்ணினார். கண்டனம், கைது, கடிதங்கள் என்று விஷயம் பத்திரிகைகள் வரை போயிற்று. நாட்டின் தெருக்களில் அவரைக் கண்டால் 'கறுப்பு புட்டி' என்று கூவும் அளவுக்கு அது பரவியது.

அதே ரெஜிமென்டில் ரிச்சர்ட் ரெனால்ட்ஸ் என்று இன்னொரு கேப்டன் இருந்தார். கார்டிகன் தம்மைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் ஏர்லுக்குச் சவால்விடும் தொனியில் கடிதம் எழுதினார். படை நீதிமன்றம் அவரைப் பணிநீக்கியது. இந்தச் சச்சரவை ஒட்டிப் பத்திரிகையில் எழுதிய முன்னாள் அதிகாரி ஹார்வி டக்கெட்டைக் கார்டிகனே இருவர்போருக்கு அழைத்தார். 1840 செப்டம்பர் 12 அன்று விம்பிள்டன் மேய்ச்சல்வெளியில் இருவரும் சுட்டுக்கொண்டார்கள்; இரண்டாம் சுற்றில் டக்கெட் காயமடைந்தார். சவால்விட்ட கேப்டனுக்கு வேலை போயிற்று. சுட்ட கர்னலுக்கு என்ன ஆயிற்று?

தம்மவர் தீர்ப்பு

1837-இன் சட்டப்படி உயிரைப் பறிக்கும் நோக்கத்தோடு சுடுவது கடுங்குற்றம். அத்தகைய குற்றம் சாட்டப்பட்ட பிரபுவைச் சாதாரண நடுவர் குழு விசாரிக்க முடியாது. பிரபுக்கள் சபையே நீதிமன்றமாக அமர்ந்து வாக்களிக்கும். 'சமமானவர்கள் தீர்ப்பளிக்க வேண்டும்' என்ற பழைய கோட்பாட்டின் எச்சம் அது.

1841 பிப்ரவரி 16 அன்று விசாரணை நடந்தது. குற்றப்பத்திரிகையில் காயமடைந்தவரின் பெயர் ஹார்வி கார்னெட் ஃபிப்ஸ் டக்கெட். சாட்சியமாக வந்த முகவரி அட்டையில் கேப்டன் ஹார்வி டக்கெட் என்று மட்டும் இருந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பதாக அரசுத்தரப்பு நிறுவவில்லை என்று கார்டிகனின் வழக்கறிஞர் வாதிட்டார். அவையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிரபுக்களும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, மார்பில் கைவைத்து, 'என் மானத்தின்மேல் ஆணையாக, குற்றவாளி அல்ல' என்றார்கள். கிளீவ்லண்ட் டியூக் மட்டும் 'சட்டப்படி' என்ற சொல்லை இடையில் சேர்த்துக்கொண்டார். மனச்சாட்சி அந்த ஒரு சொல்லளவுக்குத்தான் அங்கே உறுத்தியது போலும்.

கிரிமியா: இரு மைத்துனர்கள்

1854-இல் ரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியின் பக்கம் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கின. பிரிட்டிஷ் தளபதி ரக்லன் பிரபு. குதிரைப்படை டிவிஷனுக்குத் தலைவர் லூக்கன் ஏர்ல். அதன் இரண்டு பிரிகேடுகளில் கனரகப் பிரிகேடு ஸ்கார்லெட்டிடமும் இலகுப் பிரிகேடு கார்டிகனிடமும் தரப்பட்டன. லூக்கன், கார்டிகனின் தங்கை ஆனின் கணவர். மைத்துனர்கள் இருவரும் நெடுநாளாகவே ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். இந்தப் பகை லண்டனில் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்தே ஒருவரை மற்றவருக்குக் கீழே வைத்தார்கள்.

பலக்லாவாத் துறைமுகத்துக்குக் கார்டிகனின் சொந்த உல்லாசப் படகான டிரையட் வந்து சேர்ந்தது. வீரர்கள் கூடாரத்தில் குளிரில் கிடக்க, தளபதியின் அனுமதியோடு அவர் இரவில் படகில் தூங்கினார். போர் நடந்த காலையிலும் அங்கிருந்துதான் புறப்பட்டு வந்தார்.

நிலத்தின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். துறைமுகத்துக்கு வடக்கே ஒரு நீண்ட மேட்டுவரிசை. அதற்கு இருபுறமும் தெற்குப் பள்ளத்தாக்கு, வடக்குப் பள்ளத்தாக்கு. மேட்டின்மேல் துருக்கிய வீரர்கள் காத்த சிறு அரண்களில் பிரிட்டிஷ் பீரங்கிகள் இருந்தன. காலையில் ரஷ்யர்கள் அவற்றைப் பிடித்துவிட்டார்கள். வடக்குப் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், ஒரு மைலுக்கும் மேற்பட்ட தொலைவில், ரஷ்யர்களின் சொந்தப் பீரங்கி வரிசை. அதன் இரு பக்க மேடுகளிலும் மேலும் ரஷ்யப் பீரங்கிகள்.

முற்பகலில் கனரகப் பிரிகேடு தன்னைவிடப் பலமடங்கு பெரிய ரஷ்யக் குதிரைப்படையை மேட்டுச் சரிவில் முறியடித்தது. ஸ்கார்லெட்டும் அதற்கு முன் போர் காணாதவர்தான். ஆனால் அவர் இந்தியாவில் போரிட்ட இரண்டு அதிகாரிகளை உடன் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லுக்குக் காதுகொடுத்தார். அருகிலேயே நின்ற கார்டிகன், சிதறி ஓடிய எதிரியைத் துரத்தவில்லை. துரத்தலாம் என்று வற்புறுத்திய கேப்டன் மோரிஸ் பஞ்சாபில் சீக்கியர்களுக்கு எதிரான அலிவால் போரில் இருந்தவர், 'இந்திய அதிகாரி'. நின்ற இடத்தைக் காக்கத்தான் தமக்கு உத்தரவு என்பது கார்டிகனின் பதில். என் பார்வையில் அன்று அவர் செய்த உண்மையான தவறு இதுதான். பின்னால் நடந்த பாய்ச்சலைவிட இதற்கே அவர் அதிகம் பதில் சொல்ல வேண்டியவர்.

பிறகு, பிடித்த பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துச் செல்வதுபோல் தோன்றவே, ரக்லன் அன்று குதிரைப்படைக்கு நான்காவது உத்தரவை அனுப்பினார். குதிரைப்படை விரைவாக முன்னே சென்று, எதிரியைத் தொடர்ந்து, பீரங்கிகளை அவர்கள் கொண்டுபோவதைத் தடுக்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். அது பேரழிவாக மாறியதற்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை:

1. ரக்லன் உயரமான மேட்டின்மேல் இருந்தார். அங்கிருந்து அரண்களும் பீரங்கிகளும் தெளிவாகத் தெரிந்தன. பள்ளத்தாக்கில் இருந்த லூக்கனுக்கு மேட்டின் மறுபக்கம் தெரியவில்லை. 'பீரங்கிகள்' என்றால் அவர் கண்ணுக்கு எட்டியவை கடைக்கோடியில் இருந்த ரஷ்யப் பீரங்கிகளே.

2. உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் லூயிஸ் நோலன் சிறந்த குதிரைவீரர், குதிரைப்படை பற்றி நூல்கள் எழுதியவர். சென்னை மாகாணத்தில், பெங்களூரில் தங்கியிருந்த 15-வது ஹுஸாரில் பணியாற்றியவர். லூக்கன்மீதும் கார்டிகன்மீதும் அவருக்கு மதிப்பில்லை. எந்தப் பீரங்கி என்று லூக்கன் கேட்டபோது, கையைப் பள்ளத்தாக்கின் பக்கம் பொதுவாக வீசி, அதோ எதிரி, அதோ பீரங்கிகள் என்ற பொருளில் மரியாதையற்றுச் சொன்னார்.

3. லூக்கன் மேலும் விளக்கம் கேட்டிருக்க வேண்டும்; அவமதித்த இளையவரிடம் மீண்டும் கேட்க அவருடைய கர்வம் இடம்தரவில்லை.

4. மூன்று பக்கமும் பீரங்கி இருப்பதைக் கார்டிகன் எடுத்துச் சொன்னார். தளபதியின் உத்தரவு, வேறு வழியில்லை என்றார் லூக்கன். ஒருவரோடொருவர் பேசிப் பழகிய இருவராக இருந்தால் உத்தரவின் பொருளை அங்கேயே சேர்ந்து ஆராய்ந்திருப்பார்கள். இவர்கள் வாளை உயர்த்தி வணங்கிப் பிரிந்தார்கள்.

பாய்ச்சல் தொடங்கியதும் நோலன் வரிசைக்குக் குறுக்கே முன்னே பாய்ந்தார். திசையைத் திருத்தவா, அவசரத்திலா என்பது இன்றும் விவாதத்துக்குரியது, ஏனெனில் முதல் குண்டுகளில் ஒன்று அவரைக் கொன்றது. கார்டிகன் திரும்பிப் பார்க்காமல், அணிவகுப்பு மைதானத்தில் போவதுபோல், பிரிகேடின் முன்னால் பீரங்கி வரிசைக்குள் நுழைந்தார். அவருடைய துணிச்சலைப் பகைவர்களும் மறுத்ததில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணியவர்போல், பின்னால் வந்த வீரர்கள் கைகலந்துகொண்டிருக்கும்போதே தனியாகத் திரும்பி வந்துவிட்டார். மீதமிருந்தவர்களைத் திரட்டி வெளியே கொண்டுவந்தவர்கள் கீழ்நிலை அதிகாரிகள். பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் ஒரு பக்க மேட்டிலிருந்த பீரங்கிகளை விரட்டியதால் திரும்பும் வழி சற்று எளிதாயிற்று. எல்லாம் சுமார் இருபது நிமிடம். கணக்குகள் சற்று மாறுபடும். ஏறத்தாழ 110 பேர் இறந்தார்கள், 160 பேர் காயமுற்றார்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன.

பொறுப்பு யாருக்கு?

ரக்லன் லூக்கனைக் குற்றம் சொன்னார். லூக்கன் ரக்லனையும் நோலனையும் சொன்னார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர் என்பதால் கார்டிகன் தப்பினார். 1855 தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பியபோது அவர் வீரநாயகர். லண்டன் மேயர் விருந்தளித்தார், குதிரைப்படையின் தலைமை ஆய்வாளர் பதவி கிடைத்தது. அவர் பெயரால் பின்னல் கம்பளிச் சட்டை ஒன்றும் கடைகளுக்கு வந்தது.

பிறகு தாயகம் வந்த அதிகாரிகள் வேறு கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் குதிரைகள் தீனியின்றிச் செத்ததற்கு லூக்கனும் கார்டிகனும் காரணம் என்று 1856-இல் ஓர் அரசு அறிக்கை சுட்டியது. உடனே செல்சியில் கூட்டப்பட்ட மூத்த படையதிகாரிகளின் குழு இருவரையும் விடுவித்தது. ரக்லனின் உதவி அதிகாரியாக இருந்தவர், கார்டிகன் பீரங்கிகளை எட்டவேயில்லை என்ற பொருளில் எழுதியதற்குக் கார்டிகன் 1863-இல் அவர்மீது வழக்குத் தொடுத்தார். காலதாமதம் என்று வழக்கு தள்ளுபடியானாலும், கார்டிகன் முன்னின்று சென்றது உண்மை என நீதிமன்றம் ஏற்றது. 1868 மார்ச்சில், குதிரையிலிருந்து விழுந்ததன் விளைவாக, டீன் பார்க் மாளிகையில் இறந்தார். பிள்ளைகள் இல்லை, மார்ல்பரோவைக் கொடுத்தும் எடுத்தும் விளையாடிய அதே உறவுக் கிளைக்குப் பட்டம் போயிற்று. இன்று அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் மரியாதைக்காகச் சூட்டிக்கொள்ளும் துணைப்பட்டம் அது.

முறை எப்படி ஒழிந்தது?

பலக்லாவா மட்டுமே விற்பனை முறையை ஒழித்துவிடவில்லை. அதற்கு மேலும் 17 ஆண்டுகள் ஆயின. பிரஷ்யப் படை 1870-இல் பிரான்சை நொறுக்கியது பிரிட்டனை உலுக்கியது. அந்தப் படையில் பதவி விலைக்குக் கிடைக்காது. கிளாட்ஸ்டன் அரசின் போர் அமைச்சர் கார்ட்வெல் கொண்டுவந்த மசோதாவை மக்கள் சபை நிறைவேற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கார்டிகனை விடுவித்த பிரபுக்கள் சபை அதை இழுத்தடித்தது. பதவி விற்பனை அரச ஆணையால் அனுமதிக்கப்பட்டது என்பதால், அதே அரச ஆணையால் ஒழிக்கலாம் என்று கிளாட்ஸ்டன் கண்டுகொண்டார். 1871 ஜூலையில் விக்டோரியா அரசியின் ஆணை வெளியானது. நவம்பர் 1 முதல் விற்பனை நின்றது. அதன்பிறகு மசோதாவை எதிர்ப்பதில் பிரபுக்களுக்கு லாபமில்லை. அதை நிறைவேற்றினால்தான் அதிகாரிகளுக்கு இழப்பீடு கிடைக்கும், அதுவும் சட்டவிரோதமாகக் கொடுத்த கூடுதல் விலையையும் சேர்த்து.

விலை போனாலும் வேலி போகவில்லை. அதிகாரிகளின் சம்பளம் உயர்த்தப்படாததால், சீருடை, குதிரை, உணவுமேசைச் சந்தா ஆகியவற்றுக்குச் சொந்த வருமானம் இல்லாதவர் முதல் உலகப்போர் வரை நல்ல குதிரைப்படை ரெஜிமென்டில் காலம்தள்ள முடியவில்லை. பிரபுக்களைப் பிரபுக்களே விசாரிக்கும் உரிமை கடைசியாக 1935-இல் பயன்பட்டு, 1948-இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.